பால் பொங்குவதற்குள் ஒரு சங்கீதம்: அன்றாட வேலைக்குள் ஜெபத்தைக் கொண்டுவருவது எப்படி

பெரும்பாலான கிறிஸ்தவ வீடுகளில் ஜெபத்துக்கு இரண்டு இடம் உண்டு. ஒன்று ஞாயிற்றுக்கிழமை ஆலயம், இன்னொன்று இரவு குடும்ப ஜெபம். இரண்டுக்கும் நடுவில் பால் காய்ச்சுவது, பிள்ளைக்குத் தலை பின்னுவது, பஸ்ஸுக்கு ஓடுவது, கணக்கு முடிப்பது, துணி மடிப்பது என்று நாளின் பெரும்பகுதி கிடக்கிறது. அந்த நேரத்துக்குள் ஆண்டவரை எப்படிக் கூப்பிடுவது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறோம்.

இன்னும் ஒரு மணி நேரம் சீக்கிரம் எழுந்திருங்கள் என்று சொல்லப்போவதில்லை. தூக்கமே ஐந்தரை மணி நேரம்தான் கிடைக்கிறது என்கிறவரிடம் அதைச் சொல்லிப் பயனில்லை. அவரைக்கொடிக்குக் கொழுகொம்பு வேண்டும். அன்றாட ஜெபத்துக்கும் அப்படித்தான். தினமும் தவறாமல் நடக்கிற ஒரு வேலையைக் கொம்பாக ஊன்றி, அதில் ஒரு சின்ன ஜெபத்தைப் படரவிட வேண்டும். உபாகமம் 6:7 சொல்கிற இடங்களைப் பாருங்கள்: வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோது, வழியில் நடக்கிறபோது, படுத்துக்கொள்ளுகிறபோது, எழுந்திருக்கிறபோது. நான்குமே வெறும் அன்றாடச் செயல்கள்.

(கத்தோலிக்கர் செபம் என்பார்கள், சீர்திருத்த சபையார் ஜெபம் என்பார்கள். இங்கே ஜெபம் என்றே எழுதியிருக்கிறோம். முறைகளில் இரண்டு பக்கத்திலிருந்தும் எடுத்திருக்கிறோம்.)

கொம்பைத் தேர்ந்தெடுப்பது

எல்லா வேலையும் இதற்கு ஒத்துவராது. நல்ல கொம்பு தினமும் நடக்கும், விடுமுறை நாளிலும் நடக்கும். கை அதை யோசிக்காமல் செய்யும். இருபது விநாடியிலிருந்து ஐந்து நிமிஷத்துக்குள் முடியும். பல் தேய்ப்பது, பால் காய்ச்சுவது, ஹெல்மெட் பட்டியை மாட்டுவது, வாசல் கதவைப் பூட்டுவது, மோட்டார் போட்டுவிட்டுத் தொட்டி நிரம்பக் காத்திருப்பது, விளக்கை அணைப்பது எல்லாம் நல்ல கொம்புகள். பிள்ளைகளை ஸ்கூல் வேனுக்குக் கிளப்பும் அந்தக் கடைசிப் பத்து நிமிஷம் ஆகாது. அங்கே ஜெபம் வந்தாலும் கத்தலோடு சேர்ந்துதான் வரும்.

கொம்பு கிடைத்ததும் அதற்கு ஒரு வரி பொருத்துங்கள். ஒரு மூச்சில், மிஞ்சினால் இரண்டு மூச்சில், சொல்லி முடிகிற நீளம் போதும். சொந்தமாக வார்த்தை தேடி அலைய வேண்டாம், சங்கீதத்தில் தயாராகவே இருக்கிறது. முகம் கழுவும்போது "தேவனே, சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும்" (51:10). கதவைப் பூட்டும்போது "கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் காப்பார்" என்ற 121:8. வேலையில் உட்காரும்போது "எங்கள் கைகளின் கிரியையை எங்களிடத்தில் உறுதிப்படுத்தும்" (90:17). முக்கியமான போன் வரும்போது, எடுப்பதற்கு முன் "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்" (141:3). விளக்கை அணைக்கும்போது "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்" (4:8).

இந்த ஐந்தையும் நாளைக்கே தொடங்கிவிடாதீர்கள். ஒரே ஒரு கொம்பு, மூன்று வாரம். அது கை போன போக்கில் வர ஆரம்பித்த பிறகு அடுத்தது. ஐந்தையும் ஒன்றாய்ப் பிடித்தவர்கள் நான்காம் நாள் இரண்டை மறப்பார்கள், ஏழாம் நாள் குற்றவுணர்வில் எல்லாவற்றையும் விட்டுவிடுவார்கள்.

இரண்டு வாரம் போனதும் ஒரு சிக்கல் வரும். வாய் சொல்லும், மனசு மளிகைச் சீட்டில் இருக்கும். உதட்டு ஜெபம் ஆகிவிட்டதே என்று பயந்து நிறுத்திவிட வேண்டாம். வரி பழகிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். மருந்து எளிது: வரியின் கடைசியில் இன்றைக்கு மட்டும் பொருந்துகிற ஒரு பெயரையோ காரியத்தையோ சேருங்கள். "எங்கள் கைகளின் கிரியையை உறுதிப்படுத்தும், பதினொரு மணிக்கு வரப்போகிற ஆடிட்டரையும் சேர்த்து." அந்தக் கடைசித் துண்டு தினமும் மாறுவதால் மனசு திரும்பி வந்தே ஆக வேண்டும்.

மறந்துபோனால்? வெங்காயம் நறுக்கும்போது ஞாபகம் வந்தால் அங்கேயே சொல்லிவிடுங்கள். கொம்புக்குத் திரும்பிப் போக வேண்டியதில்லை.

காலை, போனுக்கு முன்

காலை ஜெபத்துக்கு முதல் எதிரி தூக்கம் என்று நினைக்கிறோம். இப்போதெல்லாம் அது தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கிற போன். அலாரத்தை அணைக்கப் போன கை வாட்ஸ்அப்பைத் திறக்கிறது. குடும்பக் குரூப்பில் வந்த வாக்குத்தத்த வசனப் படத்துக்கு ஒரு கும்பிடு போட்டதோடு காலை தியானம் முடிகிறது. சார்ஜரை ஹாலுக்கு மாற்றுங்கள். நூற்றைம்பது ரூபாய் அலாரக் கடிகாரம் ஒன்று வாங்குங்கள். வேதாகமம் போனில்தான் இருக்கிறது என்றால், வாசித்து முடியும்வரை இன்டர்நெட்டை அணைத்து வையுங்கள். இதைச் செய்யாமல் மற்றதைச் செய்து பயனில்லை என்பது எங்கள் கருத்து.

எந்த வரிசையில் ஜெபிப்பது என்று தெரியாதவர்களுக்கு ஒரு பழைய வரிசை இருக்கிறது. 1529-இல் வந்த தன் சிறு ஞானோபதேசத்தில் மார்ட்டின் லுத்தர் வீட்டாருக்கு எழுதிக்கொடுத்தது இது: எழுந்ததும் சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், ஒரு சிறு காலை ஜெபம், பிறகு ஒரு பாட்டோடு சந்தோஷமாக வேலைக்குப் போ. நிதானமாகச் சொன்னாலும் மூன்று நிமிஷத்துக்கு மேல் ஆகாது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க் அந்த ஞானோபதேசத்தைத் தமிழாக்கியதால், தமிழ் லுத்தரன் குடும்பங்களுக்கு இது தலைமுறை தலைமுறையாகப் பழக்கமானது. அதில் எங்களுக்குப் பிடித்தது கடைசி வரிதான். ஜெபத்தை முடித்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலைக்குப் போகாதே என்று அதற்கு அர்த்தம்.

வேத வாசிப்பில் எங்கே இடறுகிறோம் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். சீர்திருத்த சபைகளின் வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். வருஷத்தில் முடிக்க நாளைக்கு மூன்றேகால் அதிகாரம் ஆகும். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. ஆக, ஜனவரி 1 அன்று தொடங்கியவர் ஜனவரி 28 வாக்கில் லேவியராகமத்துக்கு வந்து சேர்வார். பலி ஆட்டின் கொழுப்பும் குண்டிக்காயும் பற்றிய அதிகாரங்களை, விளக்கிச் சொல்ல ஆள் இல்லாமல், காலை ஆறு மணிக்கு வாசிக்க வேண்டியிருக்கும். வருஷப் பிறப்பு ஆராதனையில் எடுத்த தீர்மானம் அங்கேதான் படுத்துவிடுகிறது. புதிதாகத் தொடங்குகிறவர் மாற்குவில் தொடங்கட்டும், அதில் 16 அதிகாரம்தான்.

சங்கீதத்துக்கு இன்னொரு கணக்கு. தேதியை எடுத்துக்கொள்ளுங்கள், முப்பது முப்பதாகக் கூட்டுங்கள். 7-ஆம் தேதி என்றால் 7, 37, 67, 97, 127. ஐந்தையும் மேலோட்டமாகப் பார்த்து, இன்றைக்கு உங்கள் நிலைக்கு ஒத்த ஒன்றை மட்டும் முழுதாக வாசியுங்கள். 119-ஆம் சங்கீதம் இந்தக் கணக்கில் 29-ஆம் தேதி வரும். அதற்கு 176 வசனம். அதை 31-ஆம் தேதிக்குத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கும் எட்டு எட்டு வசனமாக இருக்கிற 22 பகுதிகளில் ஒன்று போதும். ஒரு நாள் விட்டுப்போனால் பாக்கி ஏறாது என்பதுதான் தேதிக் கணக்கின் அழகு. 9-ஆம் தேதி தவறினால் 10-க்குப் போய்விடலாம்.

அடுப்படி

பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸில் ஒரு கார்மேல் மடத்துச் சமையலறையில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒருவர் வேலை பார்த்தார், 1691-இல் இறந்தார். சட்டி பானைச் சத்தத்துக்கு நடுவில் ஆண்டவரோடு பேசிக்கொண்டிருந்தவர் என்று இன்றைக்கும் நினைவுகூரப்படுகிறவர். பலருக்கும் தெரியாத ஒன்று, அவருக்குச் சமையல் வேலை இயல்பாகவே பிடிக்காது. பிடிக்காத வேலையில்தான் அதைப் பழகினார். அடுப்படியை நினைத்தாலே அலுப்பாக இருக்கிறவர்களுக்கு இது ஆறுதல்.

அரை லிட்டர் பால் பொங்கிவர ஐந்து நிமிஷம் போல ஆகும். அந்த ஐந்து நிமிஷமும் நகர முடியாது, நகர்ந்தால் அடுப்பைத் துடைக்க வேண்டியிருக்கும். இதைவிட நல்ல கொம்பு வீட்டில் இல்லை. ஒரு சிறு சங்கீதத்தைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, அடுப்புக்கு எதிர்ச் சுவரில் கண் மட்டத்தில் ஒட்டுங்கள். 23, 100, 121, 131 எல்லாம் இதற்கு அளவானவை. வாரத்துக்கு ஒன்று மாற்றுங்கள். மாற்றாமல் விட்டால் அது சுவரோடு சுவராகிவிடும், மூன்றாம் வாரம் கண்ணிலேயே படாது. நீராவி, எண்ணெய் தெறிக்கும் இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி ஒட்டினால் தாள் நிற்கும்.

குக்கர் விசிலுக்கு ஒரு முறை. ஒரு விசில் வந்ததும் ஒரு ஆளின் பெயர். சோற்றுக்கு மூன்று விசில் என்றால் மூன்று பேர்: வீட்டில் ஒருவர், உறவில் ஒருவர், உங்களுக்கு ஒத்துவராத ஒருவர். மூன்றாவது விசிலில்தான் கஷ்டம். பெயரைச் சொல்லி "ஆசீர்வதியும்" என்பதோடு நிறுத்திவிடுங்கள். அவரைத் திருத்தச் சொல்லி ஜெபிக்க ஆரம்பித்தால் அடுத்த நிமிஷம் பழைய சண்டை மனசுக்குள் ஓடத் தொடங்கிவிடும்.

சாப்பாட்டு ஜெபத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுருக்கமாக இருக்கட்டும், சோறு ஆறக் கூடாது. சமைத்தவரின் பெயரைச் சொல்லி நன்றி செலுத்துங்கள். வார்த்தை வராவிட்டால் சங்கீதம் 145:15, 16 போதும்: "எல்லா ஜீவன்களின் கண்களும் உம்மை நோக்கிக்கொண்டிருக்கிறது" என்று தொடங்குவது. லுத்தரின் ஞானோபதேசமும் சாப்பாட்டுக்கு இதைத்தான் கொடுக்கிறது. சாப்பிட்ட பிறகும் ஒரு நன்றி அதில் உண்டு. நாம் அதை விட்டே போனோம். கை கழுவப் போகும்போது "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று ஒரு வார்த்தை சொன்னால் அது திரும்ப வந்துவிடும்.

வழியில்

ஹெல்மெட் பட்டியின் 'கிளிக்' சத்தம்தான் கொம்பு. சத்தம் கேட்டதும் 121:8, பிறகு சாவி. ஓட்டும்போது கண்ணை மூடி ஜெபிக்கக் கூடாது என்று எழுத வேண்டிய அவசியம் இல்லைதான், ஆனாலும் எழுதிவைக்கிறோம். ஹெட்போனில் பிரசங்கம் கேட்டுக்கொண்டு இருசக்கர வண்டி ஓட்டுவதும் வேண்டாம், பின்னால் வருகிற லாரியின் ஹார்ன் கேட்காது. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் ஒதுங்கி வழிவிட்டு, உள்ளே இருப்பவருக்கும் ஓட்டுநருக்கும் ஒரு வரி. பஸ்ஸில் போகிறவர்களுக்கு இன்னும் வசதி. ஒரு நிறுத்தத்துக்கு ஒரு காரியம் என்று வைத்துக்கொண்டால் பத்து நிறுத்தத்தில் ஒரு ஜெபக்குறிப்பு முடிந்துவிடும். செபமாலை பழக்கம் உள்ளவர்கள் பத்து மணியை, ஒரு பத்தை, இரண்டு பெரிய நிறுத்தத்துக்கு இடையில் முடிக்கலாம். கூட்டத்தில் மாலையை வெளியே எடுக்கச் சங்கடமாக இருந்தால் விரல் பத்தும் இருக்கிறது.

வேலையிடம்

நெகேமியா 2-ஆம் அதிகாரத்தில் ஒரு இடம். அவர் அர்தசஷ்டா ராஜாவுக்குத் திராட்சரசம் ஊற்றிக்கொடுக்கிற வேலையில் இருக்கிறார். நீ கேட்கிற காரியம் என்ன என்று ராஜா கேட்கிறான். பதில் சொல்ல வேண்டும், ராஜா காத்திருக்கிறான். அந்த இடைவெளியில் நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம் பண்ணிவிட்டு வாயைத் திறக்கிறார். முழங்காலிட நேரம் ஏது? ஒரு மூச்சுதான் விட்டிருப்பார்.

வேலையிடத்து ஜெபத்துக்கு அளவு அதுதான். கேபின் கதவைத் தட்டுவதற்கு முன், வாடிக்கையாளர் கோபத்தோடு வரும்போது, பரீட்சைத் தாளைத் திருப்புவதற்கு முன், ஊசி போடுவதற்கு முன் ஒரு மூச்சு. மேலதிகாரிக்குக் காரமாக ஒரு மெயில் அடித்து முடித்ததும், 'அனுப்பு' பொத்தானுக்கு முன் ஒரு மூச்சு விட்டுப் பாருங்கள். பாதி மெயில்கள் போகாமலே நின்றுவிடும். ஆனால் நெகேமியாவின் முதல் அதிகாரத்தையும் வாசிக்க வேண்டும். கிஸ்லேவ் மாதத்தில் எருசலேமின் செய்தி கேட்டது முதல் அழுது, உபவாசித்து, மன்றாடியவர் அவர். ராஜா முன் நின்றது நிசான் மாதத்தில், ஏறக்குறைய நாலு மாதம் கழித்து. அந்த ஒரு மூச்சுக்குப் பின்னால் நாலு மாதம் இருந்தது. சின்ன ஜெபங்கள் தனி ஜெபத்துக்கு மாற்று ஆகாது. தனி ஜெபம் முழுசாக நின்றுபோனால் சின்னவையும் ஒரு மாதத்துக்குள் வற்றிவிடும்.

நண்பகலுக்கு ஒரு நிறுத்தம் வையுங்கள். "அந்தி சந்தி மத்தியான வேளைகளிலும்" என்கிறது சங்கீதம் 55:17. தானியேலும் நாளுக்கு மூன்று வேளை முழங்காலிட்டார். ஆதித் திருச்சபையின் தொகுப்பான திதாகே, கர்த்தருடைய ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லச் சொல்கிறது. கத்தோலிக்க ஊர்களில் காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு மணிக்கு ஆலய மணி அடிப்பது மூவேளை செபத்துக்காக. மூன்று சிறு வசனம், மூன்று அருள் நிறை மரியே, ஒரு முடிவு மன்றாட்டு என்று இரண்டு நிமிஷத்தில் முடியும். பாஸ்கா (ஈஸ்டர்) காலத்தில் மட்டும் அதற்குப் பதிலாக விண்ணக அரசியைப் பார்த்துச் சொல்லும் செபம் வரும், அதை நின்றுகொண்டு சொல்வது வழக்கம்.

மணி கேட்காத இடத்தில் போன் அலாரத்தைச் சத்தமில்லாமல் அதிர்வில் வைக்கலாம். அதிலும் ஒரு கோளாறு உண்டு. பத்து நாளில் கட்டைவிரல் தானாகவே அதை அணைக்கப் பழகிவிடும். அலாரத்தின் பெயரை வாரம் ஒருமுறை மாற்றுங்கள். 'ஜெபம்' என்று வைக்காமல் 'அப்பாவின் முழங்கால்', 'பக்கத்து சீட் மகள் அட்மிஷன்' என்று வைத்தால் அணைப்பதற்கு முன் கண் வாசித்துவிடும்.

நர்ஸ் வேலையில் இருப்பவர்களுக்கு வேறு யாருக்கும் இல்லாத ஒரு கொம்பு இருக்கிறது. ஒவ்வொரு நோயாளியைத் தொடுமுன்னும் கைக்கு ஸ்பிரிட் திரவம் தேய்க்க 20 முதல் 30 விநாடி, சோப்புப் போட்டுக் கழுவ 40 முதல் 60 விநாடி என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் முறை. கர்த்தருடைய ஜெபத்தைத் தமிழில் சாதாரண வேகத்தில் சொல்ல அரை நிமிஷம் ஆகும். அடுத்த கட்டிலில் இருப்பவரின் பெயரை நினைத்துக்கொண்டு தேய்த்தால் நேரமும் சரியாக இருக்கும், கையும் ஒழுங்காகச் சுத்தமாகும்.

நைட் ஷிஃப்ட் பார்க்கிறவர்கள் மணியைப் பார்க்க வேண்டாம். எழுந்ததும் செய்வது காலை ஜெபம், படுக்குமுன் செய்வது இரவு ஜெபம். அது பகல் பதினோரு மணியாக இருந்தாலும் அப்படித்தான்.

மேஜையில் வசன ஸ்டிக்கர் ஒட்டுவது அவரவர் விருப்பம். ஒட்டியவர் ஃபைலை மூன்று மாதம் கிடப்பில் போட்டால், எதிரே நிற்கிறவர் அந்த வசனத்தைத்தான் வெறுப்பார் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

குடும்ப ஜெபம்: பன்னிரண்டு நிமிஷம்

இதைப்பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் கெட்டுப்போவது இதுதான். இரவு ஒன்பதரைக்கு வைத்தால் பிள்ளைகள் தூங்கிவிழும், பெரியவர்கள் கொட்டாவி விடுவார்கள். சாப்பாட்டுக்கு முன், ஏழரை வாக்கில், அடுப்பை அணைத்த கையோடு வையுங்கள். பசி இருப்பதால் யாரும் இழுக்க மாட்டார்கள். டிவியை நிறுத்தி, எல்லாப் போனையும் ஒரு தட்டில் போட்டு வையுங்கள். ஒரே இடம், ஒரே பாய்.

முதலில் ஒரு கீர்த்தனையோ பாமாலையோ, இரண்டு சரணம் மட்டும், மூன்று நிமிஷம். வாரம் முழுக்க ஒரே பாட்டு இருந்தால் பிள்ளைகளுக்குப் புத்தகம் பார்க்காமலே வந்துவிடும். அடுத்து ஒரு சங்கீதம், ஆலயத்தில் செய்வதுபோல மாறி மாறி வாசித்து, இரண்டு நிமிஷம். பிறகு சுவிசேஷத்தில் 12 முதல் 15 வசனம். மாற்குவில் 678 வசனம் இருப்பதால் ஏறக்குறைய 50 நாளில் ஒரு புத்தகம் முடியும்; முடித்த அன்றைக்குப் பாயசம் வைத்தால் தப்பில்லை. வாசித்ததும் ஒரே ஒரு கேள்வி. "இதில் யார் மாதிரி நீ இருந்திருப்பாய்?" என்பது எல்லா வயசுக்கும் ஒத்துவருகிற கேள்வி. நாலு நண்பர்கள் கூரையைப் பிரித்துத் திமிர்வாதக்காரனை இறக்கிய பகுதியில் எட்டு வயசுப் பிள்ளை "கூரை யாருடையதோ அந்த வீட்டுக்காரன்" என்று சொல்லக்கூடும். சிரித்துவிட்டு விட்டுவிடுங்கள், அதைத் திருத்திப் பிரசங்கம் செய்யாதீர்கள். கடைசியில் ஒவ்வொருவரும் ஒரு வாக்கியம் ஜெபித்து, எல்லோரும் சேர்ந்து கர்த்தருடைய ஜெபம், கிருபையின் ஆசீர்வாதம்.

கெடுக்கிறவை எவை என்று பார்த்தால், முதலாவது வீட்டுத் தலைவரின் பதினைந்து நிமிஷ ஜெபம். ஊர், உலகம், ஆளுகிறவர்கள், ஊழியர்கள் எல்லோரையும் ஒரே இரவில் சுமக்க வேண்டாம், கிழமைக்கு ஒன்றாகப் பிரித்துவிடுங்கள். இரண்டாவது, ஜெபத்தை வைத்து ஆளைத் திட்டுவது. "ஆண்டவரே, கணக்கில் முப்பது மார்க் வாங்கின இந்தப் பிள்ளைக்கு நல்ல புத்தியைத் தாரும்" என்று பிள்ளை காதுபடச் சொன்னால், பிள்ளை கற்றுக்கொள்வது ஒன்றுதான்: கண்ணை மூடினால் அடி விழும். மருமகளை நோக்கி நாத்தனாருக்காகச் செய்யும் ஜெபங்களும் இந்த ரகம்தான். சொல்ல வேண்டியதை ஜெபம் முடிந்த பிறகு முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். மூன்றாவது, விருந்தாளி வந்தால் நிறுத்திவிடுவது. "ஐந்து நிமிஷம் ஜெபம் முடித்துவிடுகிறோம், நீங்களும் உட்காரலாம், இல்லை டீ குடித்துக்கொண்டிருக்கலாம்" என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வீட்டில் வேறு மதத்தவர் இருந்தால் கட்டாயம் வேண்டாம். சத்தம் குறைத்து, அவர்கள் டிவி நேரத்தைப் பிடுங்காமல் வையுங்கள்.

வாக்குத்தத்த அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. டப்பாவிலிருந்து கண்ணை மூடி ஒன்றை எடுத்து அன்றைக்குப் பலன் பார்ப்பது கிளிஜோசியத்துக்கு ரொம்பத் தூரத்தில் இல்லை. எடுத்த வசனத்தின் அதிகாரத்தையும் திறந்து, முன்னால் ஐந்து பின்னால் ஐந்து வசனம் சேர்த்து வாசித்தால் அதே அட்டை நல்ல வழிகாட்டியாகிவிடும்.

படுக்குமுன்

சேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் (1491–1556) கற்றுக்கொடுத்த ஆன்ம சோதனைக்கு ஐந்து படி: நன்றி சொல்வது, பார்க்க வெளிச்சம் கேட்பது, முடிந்த நாளை மணி மணியாகத் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, நாளைக்கு ஒரு திருத்தம் முடிவுசெய்வது. கர்த்தருடைய ஜெபத்தோடு முடியும். பத்து நிமிஷம் போதும். படுத்துக்கொண்டு செய்தால் இரண்டாம் படியிலேயே குறட்டை வந்துவிடும், கட்டில் ஓரத்தில் உட்காருங்கள்.

இதில் பலர் முதல் படியைத் தாண்டிக் குதிக்கிறார்கள். அதனால் முழுவதும் தன்னைத்தானே அடித்துக்கொள்வதாக முடிகிறது. நன்றி மூன்று இருக்க வேண்டும், மூன்றும் கையால் தொடுகிற அளவு குறிப்பாக இருக்க வேண்டும். "எல்லா நன்மைகளுக்கும் ஸ்தோத்திரம்" என்பது கணக்கில் சேராது. "மூன்று மணிக்கு மழை வந்தபோது பக்கத்து வீட்டு அக்கா துணியை எடுத்து வைத்தார்" என்பது சேரும். திருத்தமும் அப்படியே. "இனி கோபப்பட மாட்டேன்" என்பது நாளைக்குக் காலை எட்டு மணிக்கே உடையும். "வேன் வருவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் ஷூவை வாசலில் எடுத்து வைப்பேன்" என்பது நிற்கும், கோபமும் அதோடு பாதி குறையும்.

யார் மேலாவது எரிச்சல் மிச்சம் இருந்தால் எபேசியர் 4:26 சூரியன் அஸ்தமிப்பதற்கு முன் என்கிறது. அதே வீட்டு ஆள் என்றால் போய்ப் பேசிவிடுங்கள். ஊரில் இருப்பவர் என்றால் இரவு பதினொரு மணிக்கு நீளமாக மெசேஜ் அனுப்ப வேண்டாம். அது சமாதானத்துக்குப் பதில் அடுத்த ரவுண்டாகத்தான் போகும். "நாளை பேசலாமா?" என்ற இரண்டு சொல் போதும்.

பிறகு தூங்கிவிடுங்கள். "அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்" என்று சங்கீதம் 127 சொல்லும்போது, படுத்தபின் இன்னும் ஜெபிக்காமல் விட்டது எது எது என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

பிடியரிசி

அடுப்படியில் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. உலை வைக்குமுன் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போடுகிற பழக்கம் நம் சபைகளில் நெடுநாளாக உண்டு. மிசோரமிலும் 1910 முதல் இதே வழக்கம் இருக்கிறது. அங்கே சபையின் பெரிய வருமானமே ஒரு காலத்தில் இந்தப் பிடியரிசிதான். பணம் கையில் இல்லாத வீட்டுப் பெண்களும் காணிக்கை கொடுக்க இது வழியாக இருந்தது. ஜெபத்தோடு சேர்த்துச் செய்ய இதைவிட இலகுவான செயல் இல்லை: கை அரிசிக்குள் போகும்போது பசியோடு இருக்கிற ஒருவரை நினைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு பிடி 40 முதல் 50 கிராம் இருக்கும். இரண்டு வேளை உலை வைக்கிற வீட்டில் மாதத்துக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ சேரும். ஆகவே மூன்று கிலோ கொள்கிற, இறுக்கமான மூடியுள்ள டப்பாவாக எடுங்கள். எல்லோருக்கும் குக்கர் அளவு பழகிவிட்டதால் பிடியை எடுக்க மறந்துபோகும். டப்பாவை அரிசி டிரம்மின் மூடிமேல் வைத்துவிட்டால், அதை நகர்த்தாமல் அரிசி எடுக்க முடியாது. வீட்டில் சாப்பிடுகிற அதே அரிசியைப் போடுங்கள், ரேஷன் அரிசியைத் தனியாக இதற்கென்று ஒதுக்காதீர்கள். சபையில் வாங்கும் வழக்கம் நின்றுபோயிருந்தால் பக்கத்தில் இருக்கிற முதியோர் இல்லத்துக்கோ, தனியாக வாழும் ஒரு வயசானவருக்கோ கொண்டுபோய்க் கொடுக்கலாம். கொடுத்து வந்ததும் டப்பாவைக் கழுவி, வெயிலில் ஒரு நாள் முழுக்கக் காயவைத்து, நாலு காய்ந்த வேப்பிலை போட்ட பிறகே அடுத்த மாதத்துப் பிடியைப் போடுங்கள். ஈரத்தோடு போட்டால் பத்தே நாளில் வண்டு விழும்.